கிடங்கில் இல்லாத வரைபடம்

கிட்வே,
புதன்கிழமை, அக்டோபர் 12.

மரியாதைக்குரிய பனா லொம்பே அவர்களுக்கு,

நேற்று, செவ்வாய்க்கிழமை காலை, சுரங்க அலுவலகத்தின் சர்வர் அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். கதவுக்கு நேர் எதிரே, கை வைத்த பெரிய நாற்காலியில், எங்கள் அறைத் தலைவர் பா சம்பா. அவருக்கு இடப்பக்கம், சுவரை ஒட்டிய மேசையில், என்னோடு வேலை பார்க்கும் முதிந்தா. ஏ.சி.க்குக் கீழே, விசைப்பலகைக்கு முன்னால், இதை எழுதும் ஜைலோஸ் ஜெரே ஆகிய நான். எனக்குப் பக்கத்தில் நாலாவது நாற்காலி காலியாக இருந்தது. உங்கள் கணவர் பா காசொண்டே வந்தால் உட்காரும் நாற்காலி அது.

மூன்று பேர் என்று எழுதிவிட்டேன். முதிந்தாவும் அப்படித்தான் சொல்கிறாள். இருந்தாலும் அந்த எண்ணை அடித்துத் திருத்தலாமா என்று பேனாவைத் தூக்கியபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். திருத்தவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். எண்ணிக்கையை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் என் குற்றம்.

ஆகஸ்டில் உங்கள் வாசலில் ஆண்கள் துக்கக் கணப்பு மூட்டி எட்டு இரவு உட்கார்ந்திருந்தபோது நான் வரவில்லை. நான் கிழக்கத்தி ங்கோனி, அவர் பெம்பா, ஒருவரை ஒருவர் கேலி பேசும் முறையுள்ள இரண்டு இனம். சாவு வீட்டிலும் அவரைக் கேலி செய்யும் உரிமையும் கடமையும் எனக்குத்தான் உண்டு. சவப்பெட்டி குழிக்குள் இறங்கும்போது "எழுந்திருடா குரங்கு தின்னி, படுத்தது போதும்" என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். இறக்குவதற்கு உடலே இல்லாத சாவு அது. அவரும் மற்ற நாலு பேருமாக ஐந்து பேரும் இன்னும் சுரங்கத்தின் ஆயிரத்து நானூறு அடி மட்டத்தில் தண்ணீருக்குள் இருக்கிறார்கள். இருந்தும் நான் வந்திருக்க வேண்டும். எனக்கு முகமில்லை.

இரண்டாவது, இந்தக் கடிதத்தின் அவசரம். இந்த மாதக் கடைசியில் காசாமாவில் அவர் பெயரை ஏற்கும் சடங்கு என்றும், பெயரை ஏற்க வேண்டிய மருமகன் கபம்ப்வே, "சுரங்கப் படத்தைத் தப்பா வரைஞ்சு நாலு பேரைக் கொன்ன பேரு. அது என் தலையில வேண்டாம்" என்று சொல்லிவிட்டான் என்றும் கேள்விப்பட்டேன். பெயரை ஏற்க ஆளில்லாதவர் எங்கே போய் நிற்பார் என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேற்றிலிருந்து எனக்குத் தெரியும்.

அவர் தப்பாக வரையவில்லை. சரியாக வரைந்தார். அதை மறைத்தவன் நான். எப்படி என்று சொல்கிறேன்.

எங்கள் சுரங்கத்தின் வரைபடங்களும் கணக்குகளும் முன்பு ஏழு சர்வர்களில் சிதறிக் கிடந்தன. எது எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஏழு கிடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்; அளவை அறையில் உங்கள் கணவர் வரைபடம் போடும் கம்ப்யூட்டர் பெட்டி அதில் ஒன்று. போன மே மாதம் ஏழுக்கும் முன்னால் ஒரே வாசல், ஒரே பட்டியல் வைத்தோம். கேட்கிறவன் பட்டியலைப் பார்த்துப் பெயரைச் சொன்னால் போதும், கோப்பு கைக்கு வந்துவிடும். எந்தக் கிடங்கிலிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவும் வேண்டாம். பின்னால் நாங்கள் மூட்டைகளை ஒரு கிடங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்கலாம். வாசலில் நிற்பவனுக்குப் பட்டியல் மாறாது. நல்ல ஏற்பாடுதான். நானே நிறுவினேன், பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு சிக்கல் உண்டு. ஒரே பெயரில் இரண்டு கிடங்குகளில் இரண்டு கோப்பு இருந்தால், பட்டியலில் ஒரு வரிதான் தெரியும். மற்றது அழியாது. முதல் வரிக்குப் பின்னால் மறைந்து கிடக்கும். எதை முன்னால் வைப்பது என்று நாம் ஒரு விதி சொல்ல வேண்டும். நான் சொன்ன விதி: தேதி புதியது முன்னால்.

அந்த வாரம் உங்கள் கணவர் எங்கள் அறைக்கு வந்தார். வழக்கம்போல வறுத்த கடலையை உரித்துத் தின்று தோலை என் விசைப்பலகை மேல் போட்டார்.

"டேய் எலி தின்னி, என் அறைப் பெட்டிக்குள்ள கடிகார பேட்டரி செத்துப்போச்சு. கரண்ட் போய்ப் போய் வரும்போதெல்லாம் ரெண்டாயிரத்து ரெண்டு ஜனவரி ஒண்ணுன்னு முழிச்சுக்குது. நான் போடுற வரைபடம் எல்லாம் அந்தத் தேதியிலதான் விழுது. பாத்துச் சேர்த்துக்கோ."

"குரங்குக்கு என்ன மச்சான் தேதி? மரத்துல பழம் இருந்தா பகல், இல்லன்னா ராத்திரி!"

முதிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். எழுந்து கதவு வரை போனவர் திரும்பி நின்றார்.

"இது கேலி இல்லடா."

எங்களுக்குள் எது கேலி, எது கேலி இல்லை? பதினோரு வருஷத்தில் அவர் என்னிடமோ நான் அவரிடமோ நேராக ஒரு வாக்கியம் பேசியதில்லை. அதனால் அந்த வாக்கியத்துக்கு நான் இன்னும் பலமாகச் சிரித்தேன். மறுநாள் மறந்தும் போனேன்.

மார்ச்சில் அவர் தானே இறங்கி நடந்து அளந்து, ஆயிரத்து நானூறு அடி மட்டத்துப் பழைய குடைவைத் திருத்தி வரைந்திருந்தார். கைவிடப்பட்டுத் தண்ணீர் நிறைந்த அந்தக் குடைவு, பழைய வரைபடம் காட்டியதைவிட இருபது மீட்டர் கிட்டத்தில் இருந்தது. அந்தத் திருத்தம் பழையதன் அதே பெயரில், 2002 தேதியோடு, என் பட்டியலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. பழைய தப்பு வரைபடம் முன்னால் வந்து நின்றது. ஆகஸ்டில், அவர் உங்களை அழைத்துக்கொண்டு காசாமா போயிருந்த பத்து நாளில், துளை போடுகிற நாலு பேருக்கு அந்தத் தப்பு வரைபடத்தைத்தான் அச்சிட்டுக் கொடுத்தார்கள்.

அவர் திரும்பி வந்த காலை, அறை மேசையில் அந்தத் தாளைப் பார்த்திருக்கிறார். சுரங்க வாயில் புத்தகத்தில், கீழே இறக்கும் கூண்டில் அவர் ஏறிய நேரம் 10:40. தொப்பி விளக்குகூட வாங்காமல் ஓடினார் என்று விளக்கு அறைக்காரர் சொல்கிறார். துளை அந்தக் குடைவை உடைத்துத் தண்ணீர் பாய்ந்து, கீழிருந்து வந்த தொலைபேசி அறுந்த நேரம் 11:20. அவர் தப்புத் தாளோடு போகவில்லை, பனா லொம்பே. நிறுத்தப் போனார்.

மறுநாளே பட்டியலின் பின்னால் அந்த இரண்டாவது வரியைக் கண்டேன். பா சம்பாவிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"நீ சொன்னா நீயும் போவ, நானும் போவேன். செத்தவனுக்கு இனி என்ன ஆகப்போகுது? வாயை மூடு."

மூடினேன். அவர் சொன்னபடி, அளவை அறையிலிருந்து உங்கள் கணவரின் பெட்டியை நானே தூக்கி வந்தேன். உள்ளிருந்த டிஸ்கைக் கழற்றிப் பட்டறையில் கொடுத்து மூன்று ஓட்டை போட்டோம். அந்தக் கோப்பு இருந்த ஒரே கிடங்கு அதுதான். வரி மட்டும் பட்டியலில் எஞ்சியது. மூட்டை இல்லாத வரி. தொட்டால் "காணவில்லை" என்று வர வேண்டிய வரி. அதை அழிக்க மட்டும் என் கை போகவில்லை.

அதற்கு அடுத்த வாரம் தொடங்கியது.

பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, கடைசியாக அதைத் திறந்தவர் யார், எங்கிருந்து, எப்போது என்று பதிவாகும். ஒரு திங்கட்கிழமை காலை அந்த வரிக்கு எதிரே இப்படி இருந்தது.

காசொண்டே. மூன்றாம் ஷாஃப்ட் அளவை அறை. 1 ஜனவரி 2002, 00:03.

"முதிந்தா, அவரு லாகின் பேரை நீ மூடினியா இல்லையா?"

"அவர் செத்த மறுநாளே மூடிட்டேன். ஏன், உன் மச்சான் ஆவியா வந்து வேலை பாக்குறாரா?"

திரையைக் காட்டினேன். கையில் இருந்த விதும்புவா பணியாரத்தைத் தாளிலேயே வைத்துவிட்டாள். அதன் பிறகு அந்த அறையில் அவள் எதையும் தின்று நான் பார்க்கவில்லை.

பெட்டி எங்கள் அறை மூலையில், வயரே இல்லாமல், தரையில் கிடந்தது.

செவ்வாய், 00:04. புதன், 00:06. சில நாள் ஒரு நிமிடம் கூடும், சில நாள் இரண்டு, சில நாள் ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டி விழித்ததும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும். எதை நோக்கி எண்ணுகிறது என்று எனக்குப் புரியவில்லை. முதிந்தாதான் போன வெள்ளிக்கிழமை வாயில் புத்தகத்தின் நகலை எடுத்து வந்து என் முன் வைத்தாள். 10:40-இலிருந்து 11:20 வரை விரலால் கோடு இழுத்தாள்.

"நாப்பது நிமிஷம், ஜெரே."

அன்றைய பதிவு 00:37. திங்கட்கிழமை 00:38.

இனி நேற்றைய காலை.

நாளை, வியாழக்கிழமை, விசாரணைக் குழு வருகிறது. பா சம்பா பதினொரு மணிக்கு வந்து பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த வரியை எடுத்துடு."

"பா சம்பா, அது வெறும் வரிதான். பின்னால ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா எடுக்கிறதுல என்ன கஷ்டம்? வரி இருந்தா அவனுங்க கேள்வி கேப்பானுங்க. எடு."

"பாஸ்வேர்டு மறந்துபோச்சு."

"உன் பேரு மறந்தாலும் அது உனக்கு மறக்காது. எடுடா."

சுவர்க் கடிகாரத்தில் மணி 11:17. பட்டியலைத் திறந்தேன். மெதுவாகக் கீழே இறங்கினேன். இருக்கிற எல்லாப் பக்கங்களையும் சுற்றினேன். ஒரு மனிதன் ஒரு வரியைத் தேடி எவ்வளவு நேரம் கடத்த முடியுமோ அவ்வளவு கடத்தினேன்.

கரண்ட் போனது.

எங்களுக்கு அது புதிதில்லை. பேட்டரிகள் கீச்சென்று கத்தும், பன்னிரண்டு விநாடியில் ஜெனரேட்டர் உறுமும், சர்வர்களின் விசிறிகள் ஒரு கணம்கூட நிற்காது. நேற்று எதுவும் கத்தவில்லை. எதுவும் உறுமவில்லை. அறையிலிருந்த சர்வர்களின் விசிறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. பதினோரு வருஷமாக அந்த இரைச்சலுக்குள் வாழ்ந்தவன் நான். அது நின்றதும் காதில் பஞ்சு அடைத்தாற்போல் ஆனது.

என் திரை மட்டும் எரிந்தது.

வாசனைதான் முதலில் வந்தது. நாக்கில் செப்புக் காசை வைத்தாற்போல ஒரு வாசனை. அதற்குள் வெடிமருந்துப் புகை, ஈரச் சாக்கு. அதற்கும் உள்ளே, மெலிதாக, வறுத்த கடலை.

பிறகு சொட்டு.

மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எங்கள் கூரைக்கு மேலே இன்னொரு மாடி இருக்கிறது.

சொட்டு. சொட்டு.

"ஏ.சி. ஒழுகுது" என்றார் பா சம்பா. குரல் அவருடையதாக இல்லை.

ஏ.சி. என் தலைக்கு மேலே இருந்தது. சத்தம் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது.

அப்போது சர்வர் அடுக்கின் இரும்பில் ஒரு தட்டு விழுந்தது.

டங்.

ஒன்றே ஒன்று. சுரங்கக்காரர் மனைவிக்குக் கூண்டு மணியின் சைகைக் கணக்கு தெரியும். மூன்று தட்டு என்றால் ஆட்கள் ஏறிவிட்டார்கள், மேலே இழு. ஒரே தட்டு என்றால் நிறுத்து.

திரையில் அந்த வரி தானாகப் புதுப்பித்துக்கொண்டது. 00:39.

"எலி தின்னி."

என் இடது காதுக்கு ஒரு சாண் தூரம். கிசுகிசுப்பு. தண்ணீர் குடித்தவன் பேசுவது போல அடித்தொண்டையில் களகளத்தது.

இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும், பனா லொம்பே. பதினோரு வருஷப் பழக்கம். "என்னடா குரங்கு தின்னி" என்று வாய் தானாகத் திறந்தது.

"இது கேலி இல்லடா."

முதிந்தா அழத் தொடங்கியிருந்தாள். அவள் மேசையிலிருந்து அந்த அழுகை மட்டும் கேட்டது.

"நகரு, நானே பண்றேன்." பா சம்பா இருட்டில் எழுந்து வந்தார். எனக்கும் அந்தக் காலி நாற்காலிக்கும் நடுவில் கையை நீட்டி விசைப்பலகையைத் தொட்டார். அழிக்கும் விசையை அவர் விரல் அழுத்தியதை நான் கண்ணால் பார்த்தேன்.

வரி அழியவில்லை.

திறந்தது.

முழு வரைபடம். மூன்று ஓட்டை போட்ட டிஸ்கில் இருந்த வரைபடம், ஒரு கோடுகூடக் குறையாமல் திரையில் விரிந்தது. மூலையில் அவர் கையெழுத்து, மார்ச் மாதத் தேதி, அவரே பேனாவால் எழுதி ஸ்கேன் செய்தது. நடுவில் நீலமாகப் பழைய குடைவு. அதை நோக்கிப் போகும் புதிய பாதையின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு: "இதற்கு மேல் துளை வேண்டாம்."

கோட்டுக்கு அப்பால் நீலம் பாதைக்குள் வந்திருந்தது.

அந்த நீலத்துக்குள் ஐந்து புள்ளிகள். ஆள் நின்ற இடத்தைக் குறிக்க அளவைக்காரர்கள் போடும் சின்ன வட்டப் புள்ளிகள். நாலு புள்ளிகள் பாதையின் கடைசியில் கூட்டமாக. ஒன்று மட்டும் தனியாக, அவர்களுக்குப் பத்தடி இந்தப் பக்கம்.

மார்ச்சில் வரைந்த வரைபடம் அது.

நேரம் 00:40 ஆனது. விளக்கு வந்தது. விசிறிகள் ஒன்றாக இரைந்தன. கடிகாரம் 11:20-ஐத் தாண்டியிருந்தது.

பா சம்பா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு நின்றார். அவர் நீட்டிய வலது கையின் சட்டை முழங்கை வரை நனைந்து, நுனியில் செப்புப் பச்சையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். வெளியே போனார். இன்று வேலைக்கு வரவில்லை.

நாற்காலியின் இருக்கையில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் இரண்டு கடலைத் தோல்கள் மிதந்தன.

"ஜெரே, அச்சிடு. மூடிக்கிறதுக்குள்ள அச்சிடு" என்றாள் முதிந்தா. பெரிய தாளில் நாலு பிரதி அச்சிட்டேன். பிறகு அவள் ஒவ்வொரு சர்வராக, பட்டியல் வழியாக இல்லாமல் நேராக உள்ளே போய், மாலை வரை தேடினாள். எதிலும் அந்தக் கோப்பு இல்லை. எந்தக் கிடங்கிலும் இல்லை. பட்டியலில் கேட்டால் மட்டும் வருகிறது. இன்று காலையும் கேட்டோம். வந்தது.

ஒரு பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு பிரதிகளை நாளை விசாரணைக் குழுவின் முன் வைத்து, விதி என்னுடையது, எச்சரிக்கை அவருடையது, சிரிப்பு என்னுடையது என்று சொல்லப்போகிறேன். நாலாவது முதிந்தாவிடம் இருக்கிறது. நாளைக்குப் பிறகு எனக்கு வேலை இருக்காது. வேறு எதுவும் இருக்குமா என்றும் தெரியாது. அது உங்கள் கவலை அல்ல. என்னை எங்காவது தடுத்துவிட்டாலும் இந்தத் தாள் உங்கள் கையில் இருக்கும். கபம்ப்வேயைக் கூப்பிட்டு, தனியாக நிற்கும் அந்தப் புள்ளியை அவனுக்குக் காட்டுங்கள். நாலு பேரை நோக்கி ஓடிக்கொண்டிருந்த மனிதனின் பெயர் அது. எந்தத் தலையும் அதைத் தாங்கலாம்.

மன்னிப்பைக் கேட்கிறேன். கொடுக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஜைலோஸ் ஜெரே.

(உறையின் பின்பக்கம்)

பனா லொம்பே, உறையை ஒட்டிவிட்டதால் இதை மேலேயே எழுதுகிறேன். தபால் நிலையத்தில் நிற்கிறேன். மணி மூன்றரை, வெளியே நல்ல வெயில்.

கிளார்க் முத்திரை குத்தினார். குத்தியதைப் பார்த்துவிட்டு, "என்ன இது, ரெண்டாயிரத்து ரெண்டு ஜனவரி ஒண்ணுன்னு விழுது?" என்றார். முத்திரையின் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார். இன்றைய தேதிதான் இருந்தது. பழைய தாளில் அழுத்திப் பார்த்தார். இன்றைய தேதிதான் விழுந்தது. மறுபடி உங்கள் உறையில் ஓங்கிக் குத்தினார். அதே ஜனவரி. "ஒழியட்டும்" என்று இன்னொரு முறையும் குத்தினார். மூன்று முத்திரையும் முன்பக்கத்தில் இருக்கின்றன, பாருங்கள்.

மரப் பலகையில் மூன்று தட்டு. நான் எண்ணினேன்.

தபால் பையைக் கட்ட, உறைக்காக அவர் கை நீட்டுகிறார். உறையின் அடி ஓரம் ஈரமாகிக்கொண்டு வருகிறது, அதனால் சீக்கிரம் முடிக்கிறேன். இது வந்து சேரும் நாளில் வாசலில் கணப்பைப் பெரிதாக மூட்டி வையுங்கள், சுற்றி ஐந்து பேருக்கு இடம் விட்டு. நனைந்து வருவார்கள்.